அக்கா சொன்ன சாட்சியம்

சாட்சி சொல்ல வருகிறவர்களை வக்கீலம்மா முதலில் கழிவறைக்குத்தான் அனுப்புவாள். "உள்ள ஏறிட்டா எப்ப விடுவாங்கன்னு தெரியாது. போயிட்டு வந்துடுங்க, மத்ததை அப்புறம் பேசலாம்." திரும்பி வந்ததும் கையில் தண்ணீர் பாட்டிலைக் கொடுத்து, தொழிலாளர் நீதிமன்றத்தின் நீளமான தாழ்வாரத்தில் ஜன்னலோர பெஞ்சில் உட்காரவைப்பாள். "தெரிஞ்சதைச் சொல்லுங்க. தெரியாததைத் தெரியாதுன்னு சொல்லுங்க. எதிர்வக்கீல் சிரிச்சா பதிலுக்குச் சிரிக்காதீங்க." அவளுடைய பாடம் அவ்வளவுதான்.

கடைசியாகச் சொன்னது ஒரே ஒரு ஆளை மனதில் வைத்துச் சொன்னது. முதலாளிகள் பக்கம் ஆஜராகும் அந்த வக்கீலுக்குத் தாழ்வாரம் முழுக்க 'சர்க்கரை' என்றுதான் பெயர். குரலை உயர்த்தவே மாட்டார். "உடம்பெல்லாம் நல்லா இருக்கா? பஸ்ஸுல உக்கார இடம் கிடைச்சுதா?" என்று விசாரித்தபடியே சாட்சியைக் கைபிடித்து அழைத்துப்போய், பதமாகக் குழிக்குள் இறக்கிவிட்டு வந்துவிடுவார்.

ஹோட்டல் சமையலறை, பஸ் டிப்போ, துணிக்கடை, மருத்துவமனை என்று வக்கீலம்மா பார்க்காத வேலையிடம் கிடையாது. காரணம் சொல்லாமல் துரத்தப்பட்டவர்கள், கர்ப்பம் என்று தெரிந்ததும் நிறுத்தப்பட்டவர்கள், கை உடைந்ததும் 'நீ யாரென்றே தெரியாது' என்று கைகழுவப்பட்டவர்கள் எல்லாம் அவளுடைய மாடி ஆபீஸ் படிகளில் ஏறியிருக்கிறார்கள். சட்டப் புத்தகம் எத்தனை தடிமனாக இருந்தாலும், நேரில் பார்த்த ஒரு ஆள் வந்து வாயைத் திறந்தால்தான் வழக்கு நகரும் என்பது அவளுக்குத் தெரியும். அந்த ஆளைப் பிடிப்பதற்குள் உயிர் போய் உயிர் வந்துவிடும்.

ஒருமுறை ஒரு கிடங்குக் காவலாளி அவள் பேச்சைக் கேட்டு வந்து சாட்சி சொன்னார். வழக்கு ஜெயித்தது. அடுத்த மாதமே அவருக்கு வேலை போயிற்று. அவர் வந்து அவள் ஆபீஸில் ஒரு பகல் முழுக்கச் சும்மா உட்கார்ந்திருந்தார். திட்டக்கூட இல்லை. அவளே அலைந்து திரிந்து ஒரு பள்ளிக்கூடத்தில் அவருக்கு இடம் பார்த்துக் கொடுத்தாள். அதற்குப் பிறகு 'பயப்படாதீங்க' என்று யாரிடமும் அவள் சொல்வதில்லை. "பயமாத்தான் இருக்கும். ஆனாலும் வாங்க" என்பாள்.

அவளுக்கு ஒரு தம்பி. அப்பா செத்தபோது அவன் இன்னும் சரியாக நடக்கப் பழகவில்லை. அம்மா வேலைக்குப் போக, அவனை இடுப்பில் வைத்துக்கொண்டே பாடம் படித்தவள் அவள். அவன் வளர்ந்து, படிப்பு ஏறாமல், ஒரு லாண்டரியில் வண்டி ஓட்டப் போனான். பிறகு அங்கேயே மேற்பார்வையாளன் ஆனான். பிறகு சொந்தமாக ஒரு சலவை ஆலை வைத்தான். ஹோட்டல்களுக்கும் மருத்துவமனைகளுக்கும் படுக்கை விரிப்புகளையும் துண்டுகளையும் துவைத்துத் தேய்த்து அனுப்பும் ஆலை. அவன் முன்னுக்கு வந்ததில் அக்காவுக்கு உள்ளூரப் பெருமை. "எங்க வீட்ல ஒரு முதலாளி, ஒரு முதலாளிக்கு எதிரி. சமையலறைல நான்தான் மத்தியஸ்தம்" என்று அம்மா எல்லோரிடமும் சொல்லிச் சிரிப்பாள். அம்மா இருந்தது மகளோடு. மகன் வீடு இரண்டு தெரு தள்ளி.

ஒரு நாள் தம்பி போன் செய்தான்.

"அக்கா, துணி தேய்க்கற பெரிய உருளை மெஷின் வந்திருக்கு. நீ இன்னும் பாக்கவே இல்லையே. மதியம் வா, இங்கயே சாப்பிடலாம்."

போனாள். ஆலைக்குள் நுழைந்ததுமே ஈரச்சூடு முகத்தில் அடித்தது. சோப்பும் ஆவியும் கலந்த வாடை. இரும்புப் படிகளில் ஏறினால் தம்பியின் ஆபீஸ் அறை. அதன் வாசலில் நின்றால் கீழே கூடம் முழுக்கத் தெரியும். நடுவில் அந்தப் புது உருளை, ஒரு ஆள் உயரத்துக்கு, பளபளவென்று இருந்தது. இருபுறமும் பெண்கள் நின்று ஈர விரிப்பின் இரண்டு முனைகளையும் பிடித்து உள்ளே கொடுப்பார்கள். அது கொதிக்கும் உருளைக்குள் போய் மறுபக்கம் காய்ந்து, தேய்ந்து வெளியே வரும். உருளைக்கு முன்னால் ஒரு தடுப்புக் கம்பி. கை அதில் பட்டால் மெஷின் தானாக நின்றுவிட வேண்டும்.

ஆனால் அன்று உருளை ஓடவில்லை. பெண்கள் அதை நிறுத்திவிட்டுக் கைகட்டி நின்றார்கள். முன்னால் நின்றவளை அங்கே எல்லோரும் 'பெரியக்கா' என்று கூப்பிட்டார்கள், அவளைவிட மூத்தவர்கள் உட்பட. அவள் பக்கத்தில் ஒரு இளம்பெண், வலது கையில் கட்டுப் போட்டிருந்தாள். அந்த வாரம் உருளை அவள் விரல்களை இழுத்துவிட்டது. கம்பியைத் தொட்டும் மெஷின் நிற்கவில்லை. அடிக்கடி நின்று வேலை தாமதமாகிறது என்று, அந்தக் கம்பியை யாரோ கட்டுக்கம்பியால் இறுக்கிக் கட்டியிருந்தார்கள்.

"அந்தக் கட்டை அவுக்கச் சொல்லுங்க. அவுத்தா உடனே ஓட்டறோம். வேற ஒண்ணும் கேக்கல" என்றாள் பெரியக்கா.

தம்பி கூடத்தில்தான் நின்றான். மதியத்துக்குள் இரண்டு ஹோட்டல்களுக்கு வண்டி கிளம்ப வேண்டும். அவன் கழுத்து சிவந்திருந்ததை மேலே நின்ற அக்கா பார்த்தாள். சின்ன வயதில் விளையாட்டில் தோற்றால் இப்படித்தான் கழுத்திலிருந்து சிவப்பு ஏறும்.

"எனக்கு நீங்க சட்டம் சொல்லித் தரவேண்டாம். ஓட்ட இஷ்டமில்லாதவங்க இப்பவே கிளம்புங்க. நாளைக்கு ஒருத்தரும் கேட்டுக்குள்ள கால வெக்கக்கூடாது. போங்க!"

மெஷின் நின்றிருந்ததால் ஒவ்வொரு வார்த்தையும் தெளிவாகக் கேட்டது. உருளைப் பக்கம் நின்ற பெண்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். பிறகு மேலங்கிகளைக் கழற்றி மேஜைமேல் வைத்துவிட்டு வெளியே நடந்தார்கள். கைகட்டுப் போட்ட பெண்ணுக்கு முடிச்சை அவிழ்க்க வரவில்லை. பெரியக்கா அவிழ்த்துவிட்டாள். துண்டு மடிக்கும் மேஜையிலிருந்த மற்றவர்கள் தலை நிமிரவில்லை.

தம்பி நிமிர்ந்து மேலே பார்த்தான். குரல் அப்படியே மாறிப்போனது. "அக்கா, வந்துட்டியா! வா, சாப்பாடு ஆறிடும்."

அவள் போய்ச் சாப்பிட்டாள். பேச வாயெடுத்தாள்தான். அவன் கழுத்துச் சிவப்பு இன்னும் இறங்காததைப் பார்த்து, கோபம் தணியட்டும், சாயங்காலம் அவனே கூப்பிட்டுக்கொள்வான் என்று விட்டுவிட்டாள். எழுந்து வரும்போது மட்டும், "அந்தக் கம்பியை முதல்ல அவுக்கச் சொல்லுடா" என்றாள். அவன் தலையாட்டினான்.

கம்பியை அவிழ்த்தான். பெண்களைக் கூப்பிடவில்லை.

சில வாரம் கழித்துப் பெரியக்காவும் அந்தக் கைகட்டுப் பெண்ணும் வக்கீலம்மாவின் ஆபீஸ் படியேறினார்கள். அவள் யாருக்கு அக்கா என்று தெரிந்தே வந்திருந்தார்கள். நாற்காலி காட்டியும் பெரியக்கா உட்காரவில்லை.

"இந்த வழக்கை நான் எடுக்க முடியாதும்மா. அது என் தம்பி. நல்ல வக்கீல் ஒருத்தர்கிட்ட அனுப்பி வெக்கறேன்" என்று வக்கீலம்மா முந்திக்கொண்டாள்.

"வக்கீல் வெச்சாச்சும்மா. உங்ககிட்ட ஜூனியரா இருந்தவருதான். உங்களை வக்கீலாக் கூப்பிட வரல." பெரியக்கா பக்கத்தில் நின்ற பெண்ணின் கைக்கட்டைப் பார்த்தாள். "நாங்களே வேலையை விட்டுட்டுப் போனதா உங்க தம்பி கோர்ட்டுல பதில் போட்டிருக்காரு. சூப்பர்வைசரும் அப்படித்தான் சொல்றாரு. மடிக்கிற பக்கம் இருந்தவங்க வாயைத் திறக்க மாட்டாங்க, அவங்களைச் சொல்லியும் குத்தமில்ல, அவங்களுக்கும் வீடு இருக்கு. அன்னைக்கு நீங்க மேல நின்னீங்க. பாத்ததைச் சொல்ல வருவீங்களான்னு கேக்கத்தான் வந்தோம்."

எத்தனையோ பேரிடம் அவள் போய்க் கேட்ட கேள்வி அது. அதைத் தன்னிடம் ஒருவர் கேட்டால் எப்படி இருக்கும் என்று அவள் ஒருநாளும் யோசித்ததில்லை. "யோசிச்சுச் சொல்றேன்" என்றாள். சாட்சிகள் எல்லோரும் அவளிடம் முதலில் சொல்லும் பதில் அது. அப்படிச் சொன்னவர்களில் பாதிப்பேர் பிறகு போனையே எடுத்ததில்லை.

மறுநாள் காலையில் தம்பி வீட்டுக்குப் போனாள். அவன் வாசலில் காரைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

"அவங்களே போனாங்கன்னு பதில் போட்டிருக்கியாமே?"

"வக்கீல் அப்படித்தான் போடச் சொன்னாரு."

"யாரு, சர்க்கரையா?"

"உங்க கோர்ட்டுப் பட்டப்பேரெல்லாம் எனக்குத் தெரியாது."

"கூப்பிட்டு வேலை குடுத்துடுடா. கம்பியைச் சரி பண்ணிட்டே. இதோட முடிஞ்சுடும். அந்தப் பொண்ணுக்கு வைத்தியச் செலவையும் நீ ஏத்துக்கோ."

"கூப்பிட்டா என்ன ஆகும் தெரியுமா? நாளைக்கு ஒவ்வொருத்தரும் மெஷினை நிறுத்திட்டுக் கை கட்டி நிப்பாங்க. நான் அங்க முதலாளியா இருக்கறதா, வாட்ச்மேனா இருக்கறதா?" அவன் துணியைப் பிழிந்தான். "அவங்களாப் போகல, நான்தான் போகச் சொன்னேன். அது எனக்கும் தெரியும், உனக்கும் தெரியும். கோர்ட்டுக்குத் தெரிய வேண்டாம், அவ்வளவுதான்."

"என்னைச் சாட்சி சொல்லக் கூப்பிடறாங்க."

அவன் சிரித்தான். வேடிக்கையென்று நினைத்துக்கொண்டான். அவள் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு நின்றது.

"போவியா?"

அவள் பார்வையைக் காரின் ஈரக் கண்ணாடிக்குத் திருப்பினாள்.

"ஊருக்கெல்லாம் நீ அக்கா. எனக்கு மட்டும் வக்கீலா?" என்றான். பக்கெட்டைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டான். கார் பாதி துடைத்தபடி நின்றது.

அந்தப் பெண்களுக்கு ஆஜரான ஜூனியருக்குத் தலை பாதி நரைத்துவிட்டது. சொந்த ஆபீஸ், இரண்டு உதவியாளர்கள் எல்லாம் வந்தாயிற்று. ஆனாலும் அவளுக்கு அவன் ஜூனியர்தான், அவனுக்கு அவள் மேடம்தான். சாட்சி சொல்ல வருகிறேன் என்று அவள் சொன்னதும் அவன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தான்.

"கோர்ட்டு மூலமா சம்மன் அனுப்பட்டுமா மேடம்? வேற வழியில்லாம வந்தேன்னு வீட்ல சொல்லிக்கலாம். நீங்களே நிறையப் பேருக்கு அப்படிப் பண்ணியிருக்கீங்க."

உண்மைதான். பயந்த சாட்சிகளுக்கு அவள் கொடுக்கும் குடை அது. அதன் கீழே ஒதுங்கிக்கொள்ள அவளுக்கும் ஆசையாக இருந்தது. "அனுப்பு" என்றாள்.

சம்மன் வந்தபோது வாங்கிப் படித்தது அம்மா. தம்பி ஏற்கெனவே வந்து அழுதுவிட்டுப் போயிருந்தான். அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இரண்டு முறை படித்தாள். பிறகு நிம்மதியாக மூச்சு விட்டாள்.

"கோர்ட்டே கூப்பிட்டா நீ என்னடீ பண்ணுவே? போகலைன்னா பிடிச்சு உள்ள போட்டாலும் போடுவாங்க. நான் அவன்கிட்ட சொல்றேன். அவ மேல தப்பில்லடா, கூப்பிட்டாங்க, போனாள்னு சொல்றேன். புரிஞ்சுப்பான்."

"சரிம்மா" என்று சொன்னால் போதும். அந்த ஒரு சொல்லில் வீடு தப்பித்துவிடும். வக்கீலம்மா காய்கறிக் கத்தியைக் கீழே வைத்தாள்.

"அந்தச் சம்மனை நான்தான் அனுப்பச் சொன்னேன்மா."

அம்மாவுக்குப் புரியவில்லை. "யாரு அனுப்பச் சொன்னா?"

"நான்தான். நானாத்தான் போறேன்."

அம்மா சம்மனை நாலாக மடித்தாள். பேசியபோது குரலில் கோபமே இல்லை. "அவன் பண்ணது சரின்னு நான் சொல்லல. அந்தப் பொண்ணு விரலை நினைச்சா எனக்குச் சோறு இறங்கல. நீ போய்ச் சொல்லணுமான்னுதான் கேக்கறேன். உலகத்துல வேற ஆளே இல்லையா?"

"இல்லம்மா. பாத்தவங்கள்ல வாயைத் திறக்கக்கூடியவ நான் மட்டும்தான்."

"நீ கல்யாணம் வேண்டாம்னு சொன்ன அன்னைக்குக்கூட எனக்கு இவ்வளவு நெஞ்சு அடைக்கல." அம்மா எழுந்தாள். மாத்திரை டப்பா, இரண்டு புடவை, தலையணை உறை, ரேடியோ. பையில் எல்லாவற்றையும் அடுக்கினாள். மருமகளுக்குப் போன் செய்து, "அத்தை வரேன், அந்தச் சின்ன ரூமைக் கொஞ்சம் ஒழிச்சு வை" என்றாள். வக்கீலம்மா பையைத் தூக்க வந்தபோது கையைத் தட்டிவிட்டாள்.

விசாரணை நாள் வந்தது. ஜன்னலோர பெஞ்சில் வக்கீலம்மா தனியாக உட்கார்ந்திருந்தாள். வழக்கமாக ஆளுக்கு ஆள் வணக்கம் சொல்லும் தாழ்வாரம் அன்று அவளைச் சுற்றிக்கொண்டு போயிற்று. கறுப்புக் கோட்டு இல்லாமல் அவளை அங்கே யாரும் பார்த்ததில்லை.

சாட்சிக் கூண்டு அவள் நினைத்ததைவிடச் சின்னதாக இருந்தது. எத்தனை பேரை அதில் ஏற்றியிருக்கிறாள், ஒருநாளும் அதற்குள் நின்றதில்லை. கைப்பிடிக் கட்டை வியர்வைக் கைகள் பிடித்துப் பிடித்து வழவழவென்று தேய்ந்திருந்தது. எதிர்வரிசையில் தம்பி உட்கார்ந்திருந்தான். முகச்சவரம் செய்திருக்கவில்லை.

ஜூனியர் கேட்கக் கேட்க அவள் பார்த்ததைச் சொன்னாள். பெண்கள் எங்கே நின்றார்கள், தம்பி எங்கே நின்றான், கம்பி எப்படிக் கட்டியிருந்தது. "அவர் சொன்ன வார்த்தைகளை அப்படியே சொல்லுங்க" என்றார் நீதிபதி. சொன்னாள். தம்பியின் வார்த்தைகள் தன் வாயிலிருந்து வருவது அவளுக்கே அந்நியமாகக் கேட்டது.

சர்க்கரை எழுந்தார். சிரித்தார். அவள் சிரிக்கவில்லை.

"அம்மா நல்லா இருக்காங்களா?"

"நல்லா இருக்காங்க."

"உங்களுக்கும் தம்பிக்கும் ஏதாவது மனஸ்தாபம்? சொத்து, கித்து?"

"எதுவும் இல்ல."

"தம்பியை நீங்கதான் தூக்கி வளத்தீங்கன்னு கேள்விப்பட்டேன். அவருக்குக் கோபம் வந்தா வார்த்தை கொஞ்சம் தடிக்கும், இல்லையா?"

"தடிக்கும்."

"கொஞ்ச நேரத்துல தணிஞ்சுடும்?"

"பெரும்பாலும்."

"அன்னைக்கு அந்தப் பேச்சு முடிஞ்சதும் நீங்க என்ன பண்ணீங்க?"

குழி எங்கே இருக்கிறது என்று அவளுக்கு அப்போது தெரிந்துவிட்டது. தெரிந்தும் சுற்றிப் போக வழியில்லை. "தம்பியோட சாப்பிட்டேன்."

"சாப்பிட்டீங்க." சர்க்கரை அந்தச் சொல்லை நாக்கில் வைத்துக் கரைத்தார். "தொழிலாளருக்காகவே வாழற வக்கீல் நீங்க. கண்ணெதிர இத்தனை பேரை வேலையை விட்டுத் துரத்தறாங்க. நீங்க ஒரு வார்த்தை கேக்காம போய்ச் சாப்பிட்டீங்க. ஏன்னா, அது வெறும் கோபப் பேச்சுன்னு உங்களுக்கே தெரியும். சரிதானே?"

வாதாட அவளுக்கு நாக்கு துடித்தது. 'கோபம் தணிந்த பிறகும் கேட்டைத் திறக்காதவனை என்னவென்று சொல்வது?' என்ற கேள்வி வாய்வரை வந்தது. "அதுல ஒரு விஷயம் என்னன்னா..." என்று ஆரம்பித்தாள்.

"நீங்க இங்க வக்கீல் இல்லம்மா. கேட்டதுக்கு மட்டும் பதில்" என்றார் நீதிபதி. கடுமையில்லாமல்தான் சொன்னார்.

"ஆமா," என்றாள். "அன்னைக்கு அப்படித்தான் நினைச்சேன். தணிஞ்சதும் கூப்பிட்டுக்குவான்னு."

"நன்றிம்மா. வேற கேள்வி இல்ல." சர்க்கரை உட்கார்ந்தார். பின்வரிசையில் பெரியக்கா கண்ணை மூடிக்கொண்டாள். வழக்கு சரிந்துவிட்டது என்று சட்டம் படிக்காதவளுக்கும் புரிந்தது.

ஜூனியர் மெதுவாக எழுந்தான். அவனிடம் காகிதம் எதுவும் இல்லை. பதில் தெரியாத கேள்வியைக் கேட்காதே என்று அவனுக்குக் கற்றுக்கொடுத்தவளே அவள்தான். அன்று அவன் தெரியாமல்தான் கேட்டான்.

"அந்தப் பேச்சைப் பத்தி அதுக்கப்புறம் உங்க தம்பிகிட்ட எப்பவாவது பேசினீங்களா மேடம்?"

பார்த்ததை மட்டும் சொல்வது என்றுதான் அவள் வந்திருந்தாள். வாசலில் காரைத் துடைத்தபடி தம்பி சொன்னதை அவள் யாரிடமும் சொல்லவில்லை. ஜூனியரிடம் இல்லை, அம்மாவிடம்கூட இல்லை. அது முதலாளி வக்கீலிடம் சொன்னதல்ல. தம்பி அக்காவிடம் சொன்னது.

தம்பி தலையைத் தூக்கிப் பார்த்தான். வேண்டாம் என்று அவன் தலையசைக்கவில்லை. வெறுமனே பார்த்தான்.

"பேசினேன்."

"என்ன சொன்னாரு?"

சர்க்கரை எழுந்து ஆட்சேபித்தார். நீதிபதி, "சாட்சி சொல்லட்டும்" என்றார்.

"திரும்பக் கூப்பிட முடியாதுன்னு சொன்னான்." கட்டையை இறுகப் பிடித்துக்கொண்டாள். "அவங்களாப் போகல, நான்தான் போகச் சொன்னேன். அது எனக்கும் தெரியும், உனக்கும் தெரியும். கோர்ட்டுக்குத் தெரிய வேண்டாம். அப்படிச் சொன்னான்."

தட்டச்சு செய்கிறவரின் விரல் சத்தம் மட்டும் கேட்டது. அதுவும் நின்றபோது தம்பி எழுந்து, நாற்காலியை ஓசையில்லாமல் உள்ளே தள்ளிவிட்டு, வெளியே போனான்.

தாழ்வாரத்தில் அவள் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தபோது சர்க்கரை பக்கத்தில் வந்து நின்றார். இத்தனை வருடத்தில் முதல்முறையாக அவர் முகத்தில் சிரிப்பு இல்லை.

"எனக்கும் ஒரு அக்கா உண்டு" என்றார். பையை எடுத்துக்கொண்டு நடந்தார்.

தீர்ப்பு வர மழைக்காலம் ஆகிவிட்டது. பெண்களை நீக்கியது செல்லாது, பழைய வேலையிலேயே திரும்ப எடுத்துக்கொள்ள வேண்டும் என்று வந்தது. தம்பி மேல்முறையீட்டுக்குப் போகவில்லை. ஏன் போகவில்லை என்று அவளுக்குத் தெரியாது. கேட்கிற உறவும் இல்லை. பெரியக்காவும் மற்றவர்களும் திரும்பிப் போனார்கள். கையில் அடிபட்ட பெண் மட்டும் போகவில்லை. விரல்கள் முழுதாக மடங்கவில்லை என்பது ஒரு பக்கம். அந்த உருளையைப் பார்த்தாலே கை தானாகப் பின்னால் போய்விடுகிறது என்றாள். ஒரு மருந்துக்கடையில் கல்லாவில் உட்காரச் சேர்ந்துகொண்டாள்.

பெரியக்கா நன்றி சொல்ல வந்தாள். எப்படிச் சொல்வதென்று தெரியாமல் புடவைத் தலைப்பைத் திருகிக்கொண்டு நின்றாள்.

"வீட்ல எப்படி இருக்கும்மா?" என்றாள் கடைசியில்.

"ரொம்ப அமைதியா இருக்கு" என்றாள் வக்கீலம்மா. "ஆளே இல்லையே."

பெரியக்காவுக்குச் சிரிப்பதா வேண்டாமா என்று தெரியவில்லை. சிரிக்காமல் படியிறங்கிப் போனாள்.

வக்கீலம்மா வேலையை நிறுத்தவில்லை. ஒரு ஹோட்டல் அறை சுத்தம் செய்யும் பெண்ணின் வழக்கு, ஒரு லாரி ஓட்டுநரின் வழக்கு என்று நாட்கள் ஓடின. வீட்டுக்கு வந்தால் ஒரு தட்டு, ஒரு டம்ளர். ஒருநாள் பழக்கத்தில் அம்மாவின் அறையில் விளக்கைப் போட்டுவிட்டு, எதற்கென்று தெரியாமல் அணைத்தாள்.

மழை ஓய்ந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் வாசலில் தம்பியின் கார் நின்றது. பின்கதவைத் திறந்துகொண்டு அம்மா இறங்கினாள். அதே பை, அதே ரேடியோ. மகளை ஏற இறங்கப் பார்த்தாள்.

"எலும்பும் தோலுமா நிக்கறே. ஒழுங்கா சாப்பிடறதில்லையா?" பையை இந்த முறை மகள் கையில் கொடுத்தாள். "அங்க மாடிப்படி ஏற முட்டி வலிக்குது. அதான் வந்தேன். வேற ஒண்ணும் இல்ல." உள்ளே போய்விட்டாள்.

தம்பி காரைவிட்டு இறங்கவில்லை. இன்ஜினையும் நிறுத்தவில்லை. அவள் போய் ஜன்னலருகில் நின்றாள். அவன் கண்ணாடியை இறக்கினான். காதோரம் நரை கண்டிருந்தது.

"உள்ள வாடா. டீ போடறேன்."

அவன் முன்கண்ணாடி வழியாகத் தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"மேல நின்னு பாத்ததைச் சொன்னே. அதுல எனக்குக் கோபம் இல்ல. ஆரம்பத்துல இருந்தது, இப்ப இல்ல. நீ அப்படித்தான், உன் வேலை அப்படித்தான்." ஸ்டியரிங்கைப் பெருவிரலால் தேய்த்தான். "வாசல்ல நின்னு நான் உன்கிட்ட பேசினதை எதுக்குச் சொன்னே?"

"கேட்டாங்க."

"கேட்டா சொல்லிடுவியா?"

அவள் யோசித்தாள். பொய் சொல்லி அவனைத் தேற்றலாம். "சத்தியம் வாங்கிட்டுக் கேட்டா, சொல்லிடுவேன்" என்றாள்.

அவன் மெதுவாகத் தலையாட்டினான், கணக்கு ஒன்று சரியாக வந்ததுபோல. "எனக்கு மனசுல ஒண்ணு இருந்தா உன்கிட்டதான் வந்து சொல்லுவேன். சின்ன வயசுலேர்ந்து. பொண்டாட்டிகிட்டகூட அப்புறம்தான். இனிமே என்னத்தைச் சொல்லுவேன்? நல்லா இருக்கியான்னு கேப்பேன். மழை பெய்யுதான்னு கேப்பேன்."

"அதையாவது கேளுடா."

அவன் கியரைப் பிடித்தான். "அம்மாவுக்குச் சாயங்கால மாத்திரை பாதிதான் குடுக்கணும். டாக்டர் மாத்திட்டாரு" என்றான். கண்ணாடி ஏறியது. கார் தெருமுனையில் திரும்பும்வரை அவள் ஈர வாசலில் நின்றாள்.

உள்ளே அம்மா தன் கட்டிலில் தலையணைக்கு உறை மாட்டிக்கொண்டிருந்தாள்.

"உள்ள வரலியா அவன்?"

"வேலை இருக்காம்மா."

"ஞாயித்துக்கிழமை என்ன வேலை?" அம்மா உறையின் மூலையை இழுத்துச் சரிசெய்தாள். பிறகு மகளின் முகத்தைப் பார்த்துவிட்டு, கட்டிலில் தன் பக்கத்தில் கொஞ்சம் இடம் விட்டு நகர்ந்து உட்கார்ந்தாள்.